எத்தனை வாய்

கோபி டவுனுக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் ஊருக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் கீழ்மதகு வீதியில், சமையல்கட்டுச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவதென்றால் சிமெண்டும் மணலும் கொத்தனாரும் மட்டும் போதாது, அந்த வீட்டில் சாப்பிடுகிற அத்தனை பேரும் அந்த டைல்ஸை மனதார ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் டைல்ஸ் எல்லாம் சுவரைவிட்டு இறங்கி, ஒன்றுகூட உடையாமல், கழுவி வைத்த தட்டுகளைப் போல மேடைமேல் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். இது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை. குளியலறைக்கு இந்த வம்பு கிடையாது. சாமி அறையைச் சாமியே பார்த்துக்கொண்டது. சமையல்கட்டுச் சுவர்தான் இப்படி. டைல்ஸ் பசை தயாரிக்கிற கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி பெட்டியும் கையுமாக வந்து, சுவரைச் சுரண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுருக்கி யோசித்தபோது, வீதிக்காரர்கள் அவருக்கு முறுக்கும் காபியும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

சுவருக்குத் தக்கபடி வீதி தன்னை மாற்றிக்கொண்டது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால், தோட்டந்துரவு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால் நேரே சமையல்கட்டுக்குப் போய் விரல்முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அங்கே வெறும் சிமெண்டு தெரிந்தால், இந்த வீட்டில் மருமகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள் என்று காபியைத் தொடாமலே எழுந்துவிட்டார்கள். பால்பல் விழுந்த குழந்தை ஒரு வாய், அதுவரை கணக்கில் இல்லை என்று வழக்கமாயிற்று. முதல் டைலை ஒட்டுவதற்கு முன்னால் கொத்தனார் வீட்டுக்காரர்களிடம் "எத்தனை வாய்?" என்று கேட்டு, வாய்க்கு ஓர் உருண்டை சிமெண்டை வெறுஞ்சுவரில் அப்பிவிட்டுத்தான் கரணையைக் கையில் எடுப்பார். எதிர்வீட்டுத் தெய்வானையும் அவள் வீட்டுக்காரன் கருப்பசாமியும் ஒரு கோடை முழுக்க வீதியே காதைப் பொத்திக்கொள்ளும்படி சண்டை போட்டு, இருவருக்கும் பாதிப் பாதி பிடித்த ஓர் ஊதாவில் வந்து நின்றார்கள். அந்த ஊதாவை ஜேசிபி கொண்டுவந்தாலும் பெயர்க்க முடியாது. வாய்க்கால் ஓரத்தில் தனியாக இருந்த மரகதம் டீச்சர் தனக்குப் பிடித்த வெள்ளையைத் தானே போய் எடுத்துவந்து ஒட்டச் சொன்னார், அதுவும் நின்றது. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டுக்கு ஒற்றை ஆசை போதும்.

சாரதாமணி வீட்டில் இரண்டு வாய். ஒரே மகள் நித்யகலாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவள் ஓசூருக்குப் போய்விட்டாள். மஞ்சள் மண்டியில் எடை போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சென்னியப்பன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், பின்னால் சமையல்கட்டில் சாரதாமணி இருந்தாள், நடுவில் ஒரு கதவு எப்போதும் திறந்தே கிடந்தது. சண்டைச் சத்தம் என்பதே வெளியே கேட்காத வீடு அது ஒன்றுதான். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களை இவர்கள் காலில்தான் விழச் சொல்வார்கள். "வாங்கீட்டு வந்த வரமுங்க்கா உங்களுக்கு" என்பாள் தெய்வானை, கத்திக் கத்திக் கம்மிப்போன தொண்டையோடு.

சென்னியப்பன் எதற்கும் குறுக்கே நின்றதில்லை. மகளுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டால் "உன்ற இஷ்டம் அம்மிணி" என்பார், எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றாலும் அதுதான், வாசலுக்கு என்ன நிறம், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில், இன்றைக்கு என்ன குழம்பு, எல்லாவற்றுக்கும் அதேதான். ஆரம்பத்தில் சாரதாமணிக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு அலுப்பாயிற்று. அலுப்பும் ஒருநாள் அவளைவிட்டுப் போய், அதற்கப்புறம் வந்து உட்கார்ந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை. ஒருமுறை வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடாமல் வைத்தாள், அவர் ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் கை நிறைய அள்ளிப் போட்டாள், அதையும் சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். "எப்புடீங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லாருந்துச்சு" என்று சொல்லிக் கை கழுவப் போனார். சாரதாமணி கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுதாள். தங்கமான மனுசனைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

டைல்ஸ் பேச்சை மகள் எடுக்கும்போதெல்லாம் அவள் தட்டிக்கழித்து வந்ததற்கு இதுதான் காரணம். சுண்ணாம்புச் சுவர் போதும் கண்ணு, கரி படிஞ்சா துடைச்சுக்கலாம் என்பாள். ஆனால் அந்த வருசம் மழை பிடித்துக்கொண்டு பெய்ததில் சுவர் ஓதம் ஏறிப் பொறிப்பொறியாக உதிர்ந்து குழம்புச் சட்டியில் விழ ஆரம்பித்தது. இனிமேல் தப்பிக்க வழியில்லை என்று சத்தி ரோட்டில் இருந்த டைல்ஸ் கடைக்கு பஸ் ஏறினாள்.

கடையில் குடும்பம் குடும்பமாக வந்து நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமியார் பூப்போட்டதுதான் வேண்டும் என்று பூப்போட்ட டைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள், மருமகள் எண்ணெய்ப் பிசுக்கு அதில் தெரியாது பாருங்கள் என்று சாம்பல் நிறத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள், ஒரு புருசன் கோபித்துக்கொண்டு வெளியே போய் பைக்மேல் உட்கார்ந்திருந்தான், அவனைக் கூட்டிவர மச்சான் போயிருந்தான். சாரதாமணி அவர்கள் நடுவே கைப்பையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாராவது தன்னிடம் திரும்பி, இது நல்லாவே இல்லை என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

"கூட யாரும் வரலீங்களா ஆன்ட்டி?" என்றாள் விற்கிற பெண்.

"அவருக்கு எதுன்னாலும் சம்மதந்தான் கண்ணு."

"குடுத்து வெச்சவங்க நீங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

வாழைக் குருத்தின் பச்சையில் ஒன்றை எடுத்தாள். உண்மையிலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது, பிடித்திருந்தது என்பதே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்து டிவிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். சென்னியப்பன் பார்த்தார். "நல்லாருக்குது" என்றார்.

மாரப்பன் கொத்தனார் வந்தார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் டைல்ஸ் ஒட்டுகிறவர் அவர் ஒருத்தர்தான், பாதி வேலை இறங்கினதைத் திரும்ப ஏற்றுவதிலேயே போகிறது என்று எப்போதும் அலுத்துக்கொள்வார். "எத்தன வாயிங்க அம்மிணி?" என்று கேட்டார். "ரெண்டு" என்றாள். இரண்டு உருண்டைகளை அப்பிவிட்டு ஆரம்பித்தவர், இந்த வீட்டில் சிமெண்டே வேண்டாம், எச்சில் தொட்டு ஒட்டினாலே நிற்கும் என்று சொல்லிக்கொண்டே பொழுது சாய்வதற்குள் முடித்தார். மறுநாள் விடிந்து பால் காய்ச்சப் போன சாரதாமணி, வாழைக்குருத்துப் பச்சை முழுவதும் மேடைமேல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாள். சுவரில் அந்த இரண்டு உருண்டைகள் மட்டும் இருந்தன, ஒன்றுக்கொன்று தள்ளி.

டைல்ஸ் இறங்கியது யாருக்கும் ஆச்சரியமில்லை. யார் வீட்டில் இறங்கியது என்பதுதான் வீதியைக் கிடுகிடுக்க வைத்தது. தெய்வானை ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஏனுங்க்கா, உங்க ஊட்டுலயா?" என்று வாயில் கைவைத்தாள். அடுக்கையும் பார்த்தாள், முன்னறைப் பக்கமும் பார்த்தாள், அப்புறம் சாரதாமணியை முதன்முதலாகப் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் சாரதாமணியால் தாங்கமுடியவில்லை. இத்தனை வருசமாகக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்ததைச் சுவர் ஒரே ராத்திரியில் எடுத்து மேடைமேல் அடுக்கிவிட்டது. வீதியில் அவள் போகும்போது பேச்சு நின்றது. காலில் விழுந்து எழுந்த பெண்கள் இப்போது கையைப் பிடித்து, "ஒண்ணுமில்லீங்க்கா, செரியாயிருமுங்க" என்றார்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த அவமானத்துக்கு அடியில் அவளுக்கு ஓர் ஆசையும் முளைத்திருந்தது. இது வேண்டாம், அது வேண்டும் என்று அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். சுவர் எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை.

அவரைக் கடைக்கே கூட்டிப்போனாள். சென்னியப்பன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நடப்பதைப் போல நடந்தார், அவள் காட்டினதற்கெல்லாம் தலையாட்டினார். "உங்களுக்கு எது புடிச்சிருக்குதுங்க, நீங்க சொல்லுங்க" என்றாள். "எல்லாமே நல்லாத்தான் இருக்குது அம்மிணி. நீ பாத்து எடு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய்க் காத்திருந்தார். திரும்பவும் பச்சைதான், திரும்பவும் இரண்டு உருண்டை, விடிந்ததும் மேடைமேல் அடுக்கு. அடுத்ததாக, கோபத்தில், கடையிலேயே அவலட்சணமானதாகப் பார்த்து, நண்டும் இறாலும் படம் போட்ட சாக்லேட் நிறத்து டைலை எடுத்துவந்து, கறியே சமைக்காத அந்த வீட்டில் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் நண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாருக்குது" என்றார். நண்டுகளும் விடிவதற்குள் இறங்கின.

இப்போது இது வீதியின் விசயமாகிவிட்டது. பெண்கள் கூடி, அவருக்கு ஒருவேளை காது கேட்கவில்லையோ என்றார்கள். ஆண்கள் அவரை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் உட்கார வைத்துச் சண்டை போடக் கற்றுக்கொடுத்தார்கள். கருப்பசாமிதான் வாத்தியார். "மாமா, நெஞ்ச நிமுத்துங்க. டக்குனு உள்ள போயி, எனக்குப் புடிக்கலேன்னு ஒரு போடு போடுங்க. மிச்சத்த அவிங்களே பாத்துக்குவாங்க" என்றான். சென்னியப்பன் நல்ல மாணவர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு வாசலில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குப் புடிக்கல" என்றார். ஜன்னலுக்கு வெளியே பாதி வீதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சாரதாமணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எதுங்க புடிக்கல?" என்றாள்.

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கருப்பசாமி வாயை அசைத்து என்னவோ காட்டினான், புரியவில்லை. "அத வந்து..." என்று இழுத்தார். "அதுக்கு மேல சொல்லிக் குடுக்கலியே அம்மிணி."

வீதி சிரித்தது, அடக்கமுடியாமல், குலுங்கிக் குலுங்கி. சென்னியப்பனும் வெட்கத்தோடு கூடச் சிரித்தார். சாரதாமணி அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். இந்தத் தடவை அழுகைகூட வரவில்லை.

அதற்கப்புறம் அவள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்ன குழம்பு என்று கேட்கவில்லை, பால் வாங்கட்டுமா என்று கேட்கவில்லை. தட்டில் வைத்தாள், எடுத்தாள். கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது, அதுதான் அவளுக்குத் திடுக்கென்றது. வாழைக்குருத்துப் பச்சையைத் தூசி தட்டி எடுத்து வைத்துவிட்டு மாரப்பனுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

"எத்தன வாயிங்க?" என்றார் மாரப்பன், பதில் தெரிந்த கேள்வியாக, உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே.

"ஒண்ணு" என்றாள் சாரதாமணி.

மாரப்பன் கை கீழே இறங்கியது. "என்ன அம்மிணி இது, கல்லாட்டம் மனுசன் முன்னால உக்காந்திருக்கறப்ப... இல்லேன்னு சொல்லலாமுங்களா?"

"நான் ஒருத்திதான்னு சொன்னனுங்க" என்றாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்து, முன்னறைக்குக் கேட்கும்படி சத்தமாக. "இந்த ஊட்டுல ஒரு வாய்தான். ஒண்ணு வெச்சாப் போதும்."

டிவியின் சத்தம் குறைந்தது. நாற்காலி ஒருதரம் கிரீச்சிட்டது. சாரதாமணி மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மாரப்பன் உருண்டையோடு நின்றார், அடுத்த வீட்டு மிக்சி ஓடி ஓய்ந்தது. வந்து ஏசட்டும், என்னை எப்படி இல்லையென்று சொல்வாய் என்று கையை ஓங்கிக்கொண்டுகூட வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். முன்னறையில் டிவியின் சத்தம் மறுபடியும் கூடியது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

"ஒட்டுங்க" என்றாள்.

விடிந்தது. டைல்ஸ் சுவரில் இருந்தது. வெயில் ஜன்னல் வழியாக வந்து விழுந்ததும் சமையல்கட்டு முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவியது. ஒரு மூலைகூடத் தூக்கவில்லை, ஒரு கோடுகூடப் பிசகவில்லை. சாரதாமணி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சுவர் அவளைத் தனி ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. முன்னறையில் செருமல் சத்தம் கேட்டது, செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது.

வீதி திரண்டு வந்தது. விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, கல்லாட்டம் நிக்குது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தெய்வானை தட்டு நிறைய ஒப்பிட்டுப் போளி சுட்டுக்கொண்டு வந்து, "எனக்குத் தெரியுமுங்க்கா, ரெண்டு பேரும் உக்காந்து பேசிப்போட்டீங்க" என்று சாரதாமணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கருப்பசாமி சென்னியப்பனின் முதுகில் தட்டி, தான் வாத்தியாராக இருந்ததன் பலன் இது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். நின்றுபோன பேச்செல்லாம் திரும்ப வந்தது, புதுப்பெண் ஒருத்தி மறுபடியும் காலில் விழுந்தாள். மாரப்பன் மட்டும் ஒப்பிட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், சுவரைப் பார்க்காமல் தின்றார். யாரும் அவரிடம் எத்தனை உருண்டை வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. சாரதாமணி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள், சிரித்த இடங்களில் சிரித்தாள். மரகதம் டீச்சர் போகும்போது அவள் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபிறகு தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சென்னியப்பன் கதவைத் தாண்டி, மேடைவரைக்கும் உள்ளே வந்திருந்தார்.

"அம்மிணி."

"என்னுங்க?"

"அந்தக் கடையில, உள்ள போறப்ப எடதுகைப் பக்கமா, கீழ ஒண்ணு சாத்தி வெச்சிருந்தாங்க. நீ பாத்திருக்க மாட்ட" என்றார். "மஞ்சள வேக வெச்சு மொத நாள் வெயில்ல காயப்போட்டா ஒரு நெறம் வருமே, அந்த நெறம். தொட்டுப் பாத்தேன், சொரசொரன்னு இருந்துச்சு. எனக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு."

தம்ளர் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. "ஏனுங்க அப்பவே சொல்லல?"

"நீ பச்சையவே பாத்துட்டு நின்ன." அவர் துண்டின் நுனியை முறுக்கினார். "எங்கப்பன் எங்கம்மாள ஒரு சொம்புகூட அவ இஷ்டத்துக்கு வாங்க உட்டதில்ல. அப்புடி ஒருத்தனா நான் ஆயிரக்கூடாதுன்னு இருந்தேன். எங்க நிக்கோணும், எங்க பேசோணும்னு அப்பறந் தெரியாமயே போச்சு. நேத்து நீ ஒரு வாயின்னு சொன்னது கேட்டுச்சு. எந்திரிச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியாம சத்தத்தக் கூட்டி வெச்சுட்டேன்."

அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. சாரதாமணி சட்டென்று சுவர் பக்கம் திரும்பினாள். வீட்டில் இன்னொரு வாய் திறந்துவிட்டது, அதற்கென்று ஓர் ஆசையும் இருக்கிறது, இனிமேல் சுவர் எப்படி நிற்கும், இதோ விழுந்துவிடும், இதோ முதல் டைல் இறங்கப்போகிறது என்று, அடுப்பு மேடைமேல் இருந்த சட்டிகளை அவசரம் அவசரமாக ஒதுக்கி இடம் பண்ணிவைத்துவிட்டு நின்றாள். அவளோடு சேர்ந்து அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை பளபளவென்று இருந்தது. ஒன்றும் இறங்கவில்லை. சுவர் இன்னமும் ஒரு வாயைத்தான் கணக்கில் வைத்திருந்தது.

அவள் தோசைத் திருப்பியை எடுத்து ஒரு டைலின் ஓரத்தில் நுழைத்து நெம்பினாள். திருப்பி வளைந்தது. அதை வீசிவிட்டு அரிவாள்மனையின் கட்டையால் இடித்தாள், நகத்தைக் கொடுத்துப் பிறாண்டினாள், விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. "விழுந்து தொலையேன்" என்று அழுதாள். சென்னியப்பன் ஓடிப்போய் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கடப்பாரையைத் தூக்கிவந்தார். அதன் முனையை அவர் டைலின் ஓரத்தில் வைத்துப் பிடிக்க, அவள் அவர் கைமேலேயே தன் கையை வைத்து அழுத்தினாள். சுவர் லேசாகக்கூட அசைந்து கொடுக்கவில்லை.

"நாளைக்கு மாரப்பன வரச் சொல்லலாமா?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

"வேண்டாமுங்க" என்றாள் சாரதாமணி. "நீங்க கைய எடுத்தராதீங்க."

எதிர்வீட்டில் தெய்வானை அந்தச் சத்தத்தைக் கேட்டு, புது டைல்ஸில் ஆணி அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று கருப்பசாமியிடம் சொன்னாள்.